ஃப்ளெக்ஸில் இல்லாத முகம்

அத்தியாயம் 11

முஃபீதாவின் நிக்காஹ் முடிந்து இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த நாம், இந்தக் குடும்பத்தைக் கொஞ்ச நாள் நிம்மதியாக விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சல்மான் ஃபாரிஸ் விட்டால்தானே.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. மேலப்பாளையம் அகமது மீரானுக்கு வண்ணார்பேட்டையில் கைலிக் கடை. மனைவி ஹமீது பீவி. மூத்தவன் சல்மான் ஃபாரிஸுக்கு இருபத்தாறு வயது. மூன்று வருடம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு இப்போதுதான் ரியாத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். இளையவள் முஃபீதா, புதுப்பெண். உம்மா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

சும்மா கிடந்த மூன்று வருடமும் சல்மான் ஒரு வேலை மட்டும் ஒழுங்காகச் செய்தான். போனில் 'ஆத்துப்பாலம் டாக்கீஸ்' என்று ஒரு சேனல் நடத்தினான். வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வருகிற படம் சனிக்கிழமை அதில் வந்துவிடும். எவனோ திருடி இணையத்தில் போட்டதை இவன் இறக்குவான். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் குறைந்த டேட்டாவில் பார்க்கட்டுமே என்று சுருக்குவான். கடைசியில் ஓடும் பெயர் வரிசையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெட்டிவிட்டு, மறுபடி ஏற்றுவான். யாரிடமும் காசு வாங்கியதில்லை என்பதால் தன் மனதில் அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருந்தான். பதினோராயிரம் பேர் அதில் இருந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு முக்குத்தெருவில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தான். அது போதவில்லை. அந்த வாரம் ஏற்றிய படத்தின் முன்னாலும் அதே ஃப்ளெக்ஸை முப்பது விநாடி ஒட்டிவிட்டான். மாப்பிள்ளை ரசீதின் பெயர், மண்டபம், தேதி, நேரம், கீழே வாழ்த்தும் நண்பர்கள் பதினான்கு பேர். நட்டநடுவில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சல்மானின் நண்பன், பள்ளிக்கூட வேன் ஓட்டும் இசக்கி. சல்மானின் முகம் மட்டும் கிடையாது. பெண்ணின் அண்ணன் அழைக்கிறவன். அழைக்கிறவன் வாழ்த்துகிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை, நம்ம பக்கத்து ஃப்ளெக்ஸில் அதுதான் முறை. உலகத்தில் திருட்டுப் படம் போடுகிறவன் எல்லாம் ஒளிந்துகொள்ளப் பாடுபடும்போது, இவன் கல்யாண மண்டபத்துக்கு வழி எழுதி வைத்திருந்தான். இந்தப் பிள்ளையை என்ன சொல்ல.

போலீஸ் அந்த வழியாகவே வந்தது. சேனல் ஆரம்பித்த போன் நம்பர் இசக்கியின் பெயரில் இருந்தது. அந்தச் சமயம் சல்மானின் ஆதாரில் ஏதோ தகராறு என்று இசக்கி வாங்கிக் கொடுத்த சிம் அது. நம்பரும் இசக்கி, ஃப்ளெக்ஸில் நடுமுகமும் இசக்கி. நேற்று மதியம் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு இறங்கியவனைச் சைபர் கிரைம் போலீஸார் விசாரணைக்கு அழைத்துப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்கு இசக்கியின் மனைவி கலையரசி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

ஹமீது பீவி அடுக்களையில் இருந்தாள். முஃபீதாதான் கதவைத் திறந்தாள். சல்மான் அண்ணனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், ஊருக்குக் கொண்டு போக, என்று கலையரசி பொட்டலத்தை நீட்டினாள். நீட்டிய கை திரும்பிப் போகவில்லை. அப்படியே நின்றாள். முஃபீதா அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்து, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"அவுக இன்னைக்கு நாலு மணிக்குப் போயி, சேனலு நடத்துனது நான்தான்னு எழுதிக் குடுக்கப் போறாக. நான் இங்கன வந்தது தெரிஞ்சா ஏசுவாக. மனசு கேக்கலை, வந்துட்டேன்."

முஃபீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போலீஸ், சேனல், எதுவும் இந்த வீட்டில் சல்மானைத் தவிர யாருக்கும் தெரியாது. கலையரசி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வழக்கு இசக்கி பெயரில் பதிவானால் பள்ளிக்கூடத்தில் அவனை வேன் ஓட்ட விடமாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றுகிறவன் மேல் வழக்கு இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இசக்கிக்கு அதுவும் தெரியும். தெரிந்துதான் போகிறான்.

முஃபீதா எழுந்து அண்ணன் அறைக்குப் போனாள். சல்மான் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"காக்கா, இசக்கி அண்ணன் எழுதிக் குடுக்கப் போறது உனக்குத் தெரியுமா?"

சல்மான் திரும்பவில்லை. தெரியும் என்றான். அவனேதான் சொன்னான் என்றான். "நான் ஊர்லதான இருக்கேன், சமாளிச்சுக்கிடுதேன், நீ பேசாம பெட்டியைக் கட்டுன்னான்."

"நீயும் கட்டிட்டே."

முஃபீதா பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள். வாசலில் நின்ற கலையரசி, கேட்காமலே, நேற்று போலீஸிலிருந்து வந்ததும் அவுக இதைத்தான் ஒட்டிக்கொண்டு இருந்தாக என்றாள். எண்ணெய் கசிந்தால் சட்டையெல்லாம் நாறிவிடும் என்று இரண்டு கவர் போட்டு, மூன்று சுற்று டேப் ஒட்டினானாம்.

சல்மான் அதைக் கையில் எடுத்தான். டேப்பின் மேல் இசக்கியின் கோணல் கையெழுத்தில் சல்மான் பெயர், ரியாத் முகவரி, ஒரு அம்புக்குறி, 'இந்தப் பக்கம் மேலே'. மூன்று மணி நேரம் போலீஸில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் அம்புக்குறி போட்டிருக்கிறான்.

சல்மானுக்கு அழுகை வந்தது. அழுதான். தங்கை பார்க்கிறாள், நண்பன் பெண்டாட்டி பார்க்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து தன்னைத் தானே தாஜா பண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் அந்த டேப்பைப் பார்த்ததும் நின்றுபோனது.

"நான் போயிச் சொல்லிருதேன் முஃபீ. யார்கிட்ட போகணும்னு மட்டும் சொல்லு."

யாரிடம் போக வேண்டும் என்று முஃபீதாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம் பாளையங்கோட்டையில் வக்கீல் எலிசபெத்திடம் தட்டச்சு வேலை பார்த்தவள் அவள். உடனே போன் போட்டாள். எலிசபெத் முழுவதும் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு மூன்று மணிக்கு முன்னால் வரச் சொன்னார். பாஸ்போர்ட் எங்கே இருந்தது? வண்ணார்பேட்டையில், வாப்பாவின் கடை பீரோவில்.

அண்ணனும் தங்கையும் கடைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. அகமது மீரான் ஒரு கல்யாண வீட்டாருக்குக் கைலி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை இருவரும் ஓரமாக நின்றார்கள். பிறகு சல்மான் சொன்னான். முழுவதும் சொன்னான், ஃப்ளெக்ஸ் உட்பட.

மகனை அடிப்பார் என்று முஃபீதா பயந்தாள். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. வெகுநேரம் அளவுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு வாப்பா என்ன சொல்லக் கூடாதோ அதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஏறிப் போய்விடு என்றார். மூன்று வருடம் நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது, இசக்கிக்கு ஊரிலேயே பெரிய வக்கீலாக நான் வைக்கிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர்.

முஃபீதா கடைப் பலகையைக் காட்டினாள். 'மீரான் மார்க் கைலி'.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி மட்டமான சரக்கில் மீரான் மார்க் லேபிளை ஒட்டி விற்றான். அகமது மீரான் இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். நஷ்ட ஈடு தருகிறேன் என்று அவன் இறங்கி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

"கைலி போனாப் போவுது, எம் பேரை எதுக்கு எடுத்தான்னு அன்னைக்கு நீங்கதான வாப்பா கேட்டீங்க," என்றாள் முஃபீதா. "காக்கா படத்தை எடுத்தான். இப்போ இசக்கி அண்ணன் பேரையும் எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுதீங்க. அந்த நம்பரு அவுக நம்பிக் குடுத்த அமானிதம்லா."

வெளியே பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அகமது மீரான் எழுந்தார். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மகனிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்தார். ஷட்டரை இறக்கினார். செவ்வாய்க்கிழமை நண்பகலில் அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை.

"பயமா இருக்கால?"

"இருக்கு வாப்பா."

"எனக்கும்தான். நட."

எலிசபெத் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி இதற்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை உண்டு, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு என்றார். காசு வாங்கவில்லை என்றால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. லாபத்துக்காகச் செய்யவில்லை என்று காட்டினால் நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போனில் இப்படி ஒரு சேனலைத் திறந்து வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

தானாகப் போய் உண்மையைச் சொன்னால், ஓடிப்போக மாட்டான் என்று போலீஸ் நம்பினால், கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து அனுப்ப இடம் இருக்கிறது என்றார். "ஆனா வெள்ளிக்கிழமை பிளைட்டை மறந்துரு தம்பி. கோர்ட்டு சொல்லுதவரைக்கும் ஊர்தான்." சல்மான் தலையாட்டினான். அகமது மீரான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காவல் நிலையத்துக்குள் நுழையும்போது மணி மூன்றே முக்கால். பெஞ்சில் இசக்கி உட்கார்ந்திருந்தான். மடியில் வெள்ளைத்தாள், கையில் பேனா. தாளில் இரண்டு வரி எழுதியும் இருந்தான். சல்மானைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துபோனது.

"இங்கன எதுக்குல வந்தே, செத்த மூதி. உன்னைய யாரு கூப்பிட்டா?"

சல்மான் அவனைத் தாண்டிப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றான்.

"சார், சேனலு என்னோடது. ஃப்ளெக்ஸ் அடிச்சதும் படத்துல ஒட்டுனதும் நான்தான். மணப்பொண்ணு என் தங்கச்சி, அதான் என் போட்டோ அதுல இல்லை. இவன் நம்பரு மட்டும்தான் குடுத்தான், அது எதுக்குன்னுகூட அன்னைக்கு அவனுக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் போனை வாங்கிப் பார்த்தார். சேனலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அரைமணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு இசக்கியின் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்து மேசைக்குள் போட்டார். இசக்கி மடியில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவன் சல்மானைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.

அதே அறையில், ஜன்னலோரம், முப்பது வயதுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வள்ளியூர் தேன்மொழி. புகார் கொடுத்தவள் அவள்தான். ஃப்ளெக்ஸ் ஒட்டிய அந்தப் படம் அவள் எடுத்த முதல் படம். படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அது பட்டது போதும்.

படம் வெளியான மூன்றாம் நாள் அவள் திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள். நல்லபடியாக ஓட வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வரத்தான். பக்கத்து சீட்டில் ஒரு பெண் போனில் படம் பார்க்கிறாள். முதலில் யாருடைய கல்யாண ஃப்ளெக்ஸோ வந்தது, அதைத் தொடர்ந்து தன்னுடைய படம் வந்தது. தேன்மொழி கோயிலுக்குள் போகவே இல்லையாம். கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் சல்மானுக்குத் தெரிந்தது.

சல்மான் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

"உங்க ஃப்ளெக்ஸ்ல பதினாலு பேரு போட்டோ இருக்கு," என்றாள். "எல்லாரு பேரும் பெருசா இருக்கு. எங்க படத்துல கடைசில நூத்திப் பன்னிரண்டு பேரு உண்டு. அதை ஏன் வெட்டினீங்க?"

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என்று அவன் சொல்லவில்லை.

அவளே தொடர்ந்தாள். "எங்க ஊர்ல தேவசிகாமணின்னு ஒருத்தர். ஆத்துக்குள்ள எடுத்த சீனுக்கெல்லாம், மார்பளவு தண்ணியில லைட்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு நின்னவரு. மருமகன் போன்ல, உங்க சேனல்லதான், படத்தைப் பார்த்திருக்காரு. மறுநாள் வந்து, 'எம் பேரை எடுத்துட்டியாம்மா'ன்னு என்கிட்ட கேக்குதாரு. நான் என்ன சொல்ல?"

அகமது மீரான் சுவரோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டதை முஃபீதா மட்டும் பார்த்தாள்.

சல்மான் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, சேனலை மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதில் ஒன்று போட அனுமதி கேட்டான். எதற்கு என்று கேட்டார். அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரையும் போட வேண்டும் என்றான். எலிசபெத்தும் எடுத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். சாட்சியத்துக்கு வேண்டியதை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு, படங்கள் எல்லாவற்றையும் தன் கண் முன்னால் அழிக்க வைத்துவிட்டு, சரி என்றார்.

பட்டியல் தேன்மொழியின் போனில் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் யோசித்தாள். அப்புறம் கொடுத்தாள்.

ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இசக்கி வாசித்தான், சல்மான் அடித்தான், தேன்மொழி சரிபார்த்தாள். ஒளிப்பதிவு, எடிட்டிங், உடை, சாப்பாடு, கிரேன், வண்டி ஓட்டியவர்கள். வண்டி ஓட்டியவர்கள் பட்டியல் வந்தபோது இசக்கி அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக வாசித்தான். நாற்பத்து மூன்றாவது பெயர் தேவசிகாமணி. ஒரு மணி நேரம் ஆனது. வெட்டியபோது சல்மானுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசிப் பெயரும் முடிந்ததும், அடியில் தன் போட்டோவைப் போட வேண்டும் என்றான் சல்மான். போனை இசக்கியிடம் கொடுத்தான். இசக்கி நேற்றிலிருந்து வைத்திருந்த கோபம் அங்கேதான் இறங்கியது.

"சிரிக்காதல. இது என்ன கல்யாண வீடா."

சல்மான் சிரிக்கவில்லை. போட்டோவுக்குக் கீழே இப்படி அடித்தான்: 'இந்தப் பெயர்களை வெட்டியவன் நான். சல்மான் ஃபாரிஸ், மேலப்பாளையம். இந்தப் படம் வள்ளியூர் தியேட்டரில் இன்னும் ஓடுகிறது.' ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான். பதினோராயிரம் பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆறரை மணிக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது. பாஸ்போர்ட்டை அகமது மீரானே பையிலிருந்து எடுத்து எலிசபெத்திடம் கொடுத்தார், கோர்ட்டில் ஒப்படைக்க. இசக்கிக்குச் சாட்சி என்று மட்டும் எழுதினார்கள். வழக்கு முடிந்துவிடவில்லை, அது நடக்கும். தேன்மொழி மனம் வைத்தால் பின்னால் மதுரை ஐகோர்ட்டில் சமாதானமாக முடிக்கக் கேட்டுப் பார்க்கலாம், நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார் எலிசபெத். தேன்மொழி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். நாளைக்குக் காலையில் வேன் எடுக்கிறேன் என்று இசக்கி கலையரசிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் பொட்டலம் கொண்டு போனதைச் சொல்லி மறுமுனையில் அவள் அழுவது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமைப் பயணம் கைநழுவிப் போய்விட்டது, ஆனால் நேற்றிலிருந்து பசிக்காத சல்மானுக்கு இப்போதுதான் பசித்தது. மகன் தோளில் அகமது மீரான் கை வைத்திருந்தார், எடுக்கவில்லை.

ஆட்டோ ஏறப்போன தேன்மொழி திரும்பி வந்தாள். கையில் போன் இருந்தது.

"தேவசிகாமணி அண்ணாச்சி லைன்ல இருக்காரு. அவரு பேரைப் பார்த்துட்டாராம். அந்தப் பையனை நாளைக்கு வள்ளியூருக்கு வரச் சொல்லுங்காரு."

எதுக்கு என்று சல்மான் கேட்டான். அதை அவர் சொல்லவில்லை என்றாள். குரலை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள். இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எலிசபெத் எச்சரித்தார். சல்மான் வாப்பாவைப் பார்த்தான்.

இசக்கி போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"பிள்ளையள இறக்கி விட்டுட்டா ஒன்பது மணிக்கு மேல வண்டி சும்மாதான் நிக்கும். நான் கூட்டிட்டுப் போறேன். தயிர்ச்சோறு மட்டும் கட்டச் சொல்லு," என்றான். "ஊறுகாதான் உன் பெட்டி மேல இருக்குல்லா."